பெரிய பூ போட்ட துணியில் ஒரு போர்வை

வடசென்னை வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோட்டில் நைட்டித் துணி விற்கும் கடைகளில் புது டிசைன் வந்தால் அதை வாசலிலேயே கம்பியில் தொங்கவிடுவார்கள். தலையில் உரசும் அந்தத் துணிகளுக்கு அடியில் நுழைந்துதான் கடைக்குள் போக வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செம்பருத்தி. கத்தரிப்பூ நிறத்தில் முட்டைக்கோஸ் பருமனுக்கு ரோஜா. கிளிப்பச்சை வாழையிலை, அதன் மேல் மஞ்சள் வட்டம். தீபாவளி நெரிசலில் பின்னால் வருகிறவர்கள் இடித்துத் தள்ளினாலும் எனக்கு அந்த இடத்தில் கால் நின்றுவிடும்.

பட்டாளம் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவள் நான். காலடிப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 18 வருடம் ஆகிறது. இந்த இரண்டு இடத்திலும் பெண்கள் வாசல் தெளிப்பதிலிருந்து ராத்திரி கதவு சாத்தும் வரை நைட்டியில்தான் இருப்பார்கள், தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு. தண்ணி லாரி வரும் நாளில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது பார்க்க வேண்டும். ஒருவர் முதுகில் தாமரை, அடுத்தவர் முதுகில் சூரியகாந்தி, அதற்கடுத்து மயில்கழுத்து நிறத்தில் பேரே தெரியாத ஒரு பூ. அந்த வரிசையைப் பார்த்துத்தான் எனக்குப் போர்வை தைக்கும் ஆசை வந்தது.

குவில்ட் என்று இப்போது சொல்கிறார்கள். எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகளில் அதையே பொந்த என்பார்கள். பழைய துணிகளை அடுக்கி, மேலே கீழே துணி வைத்து, எல்லாம் சேர்ந்து நிற்கும்படி தையல் ஓட்டுவது. தமிழில் கந்தை என்றால் கிழிசல் மட்டும் இல்லை, அப்படி ஒட்டுப்போட்டுத் தைத்த துணிக்கும் அந்தப் பேர் உண்டு. வங்காளத்துக் காந்தாவும் இதே உறவுதான். அதனால் இது வெளிநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு கடையில் அந்தச் செம்பருத்தியைக் காட்டி எடுத்துப் போடச் சொன்னேன். கடைப்பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா, அது வயசானவங்க எடுக்கறது. உங்களுக்கு நைசா சின்னப் பூ காட்டறேன்" என்றான். அவன் மேல் தப்பு இல்லை. பெரிய பூ என்றால் லோக்கல், சின்னப் பூ என்றால் டீசன்ட் என்று யாரோ எப்போதோ முடிவு பண்ணி நம் எல்லோர் தலையிலும் ஏற்றிவிட்டார்கள். வடசென்னையின் நிறங்களைப் பற்றிப் பேசும்போது முகம் சுளிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வலிக்கும். அடர்ந்த நிறத்தையும் பெரிய உருவத்தையும் துணிந்து உடுத்துவதற்கு ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு இந்தத் தெருக்களில் இருக்கிறது.

சரி, துணியை வாங்கிவிட்டேன். முதல் போர்வையை எப்படித் தைத்தேன் என்று சொல்கிறேன். இணையத்தில் பார்த்த ஒரு முறைப்படி நாலு அங்குலச் சதுரங்களாக வெட்டிக்கொண்டேன். செம்பருத்தித் துணி, ரோஜாத் துணி, வாழையிலைத் துணி என மூன்றையும் வெட்டி, மாற்றி மாற்றி வைத்துத் தைத்தேன். மூன்று வார வேலை. விரித்துப் பார்த்தால் எந்தப் பூவும் இல்லை. சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, கண் எங்கேயும் உட்கார இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் டெய்லர் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 30 வருடமாக ஜாக்கெட் தைக்கிறவர். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? அவ்ளோ பெரிய பூவ வாங்கி கொத்துக்கறி போட்டு வச்சிகீற?"

அந்த ஒரு வார்த்தை எனக்குப் பல மாதப் பாடம். சின்னச் சின்னப் பூ போட்ட துணியை எங்கே வெட்டினாலும் துண்டுக்குள் ஒரு முழுப் பூ இருக்கும். ஒவ்வொரு துண்டும் அந்தத் துணியாகவே இருக்கும். 14 அங்குலப் பூவை நாலு அங்குலமாக வெட்டினால் ஒரு துண்டில் வெறும் சிவப்பு வரும், ஒன்றில் பாதி மகரந்தம், இன்னொன்றில் இலை நரம்பு மட்டும். அப்படி வெட்டுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே துணியிலிருந்து பத்து விதத் துணி கிடைக்கிறது என்பதற்காகவே தெரிந்து வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தெரியாமல் வெட்டினேன். அதோடு மூன்று துணியும் உரக்கப் பேசுகிற துணி. பக்கத்தில் அமைதியாக இருக்க ஒரு துணிகூட வைக்கவில்லை.

அதன் பிறகுதான் இந்தப் பெரிய பூவின் கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க நான் நிற்கும் மண்ணே வேறு மாதிரி தெரிந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இங்கே இடம் வாங்கிக் கோட்டை கட்டியதே துணிக்காகத்தான். கம்பெனி வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. எங்கள் காலடிப்பேட்டை இருக்கிறதே, அது 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு. காலெட் பேட்டை என்பது நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. மெட்ரோ ஸ்டேஷன் பலகையில் தினமும் படிக்கிற பேருக்குள் நெசவாளர் குடியிருப்பு ஒன்று இருந்திருக்கிறது. எனக்கு அது இத்தனை வருடமாகத் தெரியாது.

இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறிய துணிகளில் ஐரோப்பாவை மயக்கியது சீட்டி. பாட்டிமார் சீட்டிப் பாவாடை என்பார்களே, அதே சீட்டி. சோழமண்டலக் கரையோரத்தில் பருத்தித் துணியில் கையால் எழுதி, இம்பூறல் என்னும் சாயவேரில் சிவப்பு ஏற்றி, மெழுகு தடவிய இடம் போக மற்ற இடத்தில் அவுரி நீலம் ஏற்றிச் செய்தது. துவைத்தாலும் போகாத நிறம். அதில் கட்டில் விரிப்புக்கென்றே ஒரு வகை இருந்தது. பலங்போஷ் என்ற சொல்லை வெள்ளைக்காரர்கள் பலம்போர் ஆக்கிக்கொண்டார்கள். ஒரு விரிப்பு முழுக்க ஒரே ஒரு மரம். பாறை மேலிருந்து வளைந்து எழும்பி, உலகத்தில் எங்கும் இல்லாத பெரிய பெரிய பூக்களாகப் பூத்து, கட்டிலின் நான்கு ஓரத்தையும் தொடும். இந்தத் துணியின் மோகத்தில் தங்கள் நெசவு அழிந்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் 1686-இலிருந்து 1759 வரை தடை போட்டு வைத்திருந்தது. இங்கிலாந்தும் சட்டம் போட்டது. அந்த அளவுக்கு நம் பெரிய பூவுக்கு வலு இருந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சீட்டி விலை கூடிய துணி என்பதால், அங்கே பெண்கள் அதிலிருந்த பூக்களையும் பறவைகளையும் ஓரம் பிசகாமல் முழுசாகக் கத்தரித்து, வெள்ளைத் துணி மேல் இடைவெளி விட்டு வைத்துத் தைத்துப் போர்வை ஆக்கினார்கள். பூ முழுசாக இருந்தது, அதைச் சுற்றி வெறும் துணி இருந்தது. டெய்லர் அக்கா ஒரே வார்த்தையில் சொன்னதை அவர்கள் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பெரிய பூவுக்கு எதிர்ப்பு எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது போல. ஃபின்லாந்தில் மரிமெக்கோ என்ற துணி நிறுவனத்தை நடத்திய ஆர்மி ராட்டியா, பூ டிசைனே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அங்கே வேலை செய்த மைஜா இசோலா அதைக் கேட்காமல் 1964-இல் பெரிய பெரிய கசகசாப் பூக்களாக வரைந்தார். இன்றைக்கும் அந்த நிறுவனத்தை உலகம் அடையாளம் காண்பது அந்தப் பூவை வைத்துத்தான்.

இரண்டாவது போர்வைக்கு நான் துணி வாங்கப் போனபோது இஞ்ச் டேப்பைக் கையோடு எடுத்துப் போனேன். கடையில் துணியை முழுசாகப் பிரித்துப் போடச் சொல்லி, ஒரு பூவின் நடுப்புள்ளியிலிருந்து அதே பூ மறுபடி வருகிற இடம் வரை அளந்தேன். 64 சென்டிமீட்டர். இது தற்செயலான கணக்கு இல்லை. மில்லில் அச்சடிப்பது உருளை போன்ற சல்லடையில். அந்த உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். உருளை ஒரு சுற்று சுற்றினால் டிசைன் ஒரு முறை முடிந்து அடுத்தது தொடங்கும். சின்னப் பூ என்றால் அந்த 64-க்குள் பல முறை வரும். பெரிய பூ ஒரே முறைதான் வரும். துணியின் ஓரக்கரையில் வரிசையாகச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு நிறத்துக்கு ஒரு உருளை, ஒரு உருளைக்கு ஒரு புள்ளி. நான் எடுத்த செம்பருத்தியில் ஏழு புள்ளி இருந்தது.

இந்தக் கணக்கு தெரியாமல் மூன்று மீட்டர் போதும் என்று வாங்கியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். துணியின் அகலத்தில் இரண்டு பூ. நீளத்தில் மூன்று மீட்டருக்குள் 64 சென்டிமீட்டர் நான்கு முறைதான் முழுசாக அடங்கும். ஆக எட்டுப் பூ. எனக்கு 12 தேவை. ஆறு முறை வர வேண்டும், அதாவது 384 சென்டிமீட்டர். நான்கு மீட்டர் வெட்டச் சொன்னேன். பெரிய டிசைன் துணியில் போர்வை தைக்கிறவர்கள் துணியை மீட்டரில் கணக்குப் பார்க்கக் கூடாது, பூவில் கணக்குப் பார்க்க வேண்டும். கொஞ்சம் துணி வீணாகத்தான் செய்யும். அந்த மிச்சத்தில் பை தைக்கலாம், பைப்பிங் வெட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, வெட்டாமல் அப்படியே ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். முன்னொரு முறை வேறு கடையில் வாங்கிய சிவப்புத் துணியை நனைக்காமல் தைத்து, முதல் துவைப்பிலேயே பக்கத்திலிருந்த வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிப் போனது. பருத்தி சுருங்கவும் செய்யும். தைத்த பிறகு சுருங்கினால் தையல் இழுத்துக்கொண்டு போர்வை முழுக்கச் சுருக்கம் விழும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வேலை. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை எடுத்து, நடுவில் 16 அங்குலத்துக்கு 16 அங்குலம் ஓட்டை வெட்டினேன். ஒரு ஜன்னல். துணியைக் கூடத்தில் விரித்து, அதன் மேல் அந்த ஜன்னலை வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஜன்னலுக்குள் வேறு வேறு படம் தெரியும். பூ நடுவில் வந்தால் பொட்டு வைத்த முகம் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. நாலு அங்குலம் வலது பக்கம் தள்ளினால் இடது ஓரத்தில் இதழ்கள் வெட்டுப்பட்டு, மகரந்தக் காம்பு மட்டும் வெறும் பச்சை மேல் நீண்டு நிற்கிறது. இன்னும் தள்ளினால் மூலையில் கால் பூ.

அன்றைக்கு அதை விட்டு எழுந்திருக்க மனசே வரவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததை என் பெண்தான் வந்து அணைத்தாள். ஏனென்றால் அங்கே நான் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டேன். ஜன்னலுக்குள் முழுசாக அடங்கிய பூ, ஜன்னல் அளவுக்குத்தான் பெரிசாக இருக்கிறது. ஓரத்தில் வெட்டுப்பட்ட பூ அதைவிடப் பெரிசாகத் தெரிகிறது. மிச்ச இதழை நம் கண்ணே வரைந்துகொள்கிறது. வாசலில் பாதி நின்று எட்டிப் பார்க்கிறவர் முழுசாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவரைவிட நம் கவனத்தை இழுப்பாரே, அது போல. கொத்துக்கறிக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். நாலு அங்குலத் துண்டில் கண்ணுக்கு வரைய ஒரு பிடி இல்லை. இங்கே பூவின் வளைவு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கண் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது. பூவை எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுகிற இடத்தை நான் பார்த்து முடிவு செய்தேனா, அல்லது கத்திரி முடிவு செய்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

12 துண்டில் ஏழை முழுப் பூவாகவும் ஐந்தைப் பாதியும் காலுமாகவும் எடுத்தேன். தையலுக்குள் போக ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் வேண்டும், அதனால் வெட்டியது பதினாறரை அங்குலம். சாக்பீஸால் கோடு போட்டு வெட்டி முடித்ததும் மிச்சத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஜன்னல் ஜன்னலாக ஓட்டை விழுந்து, ஓட்டைகளுக்கு நடுவே இலையும் மொட்டுமாகத் தொங்கியது.

அடுத்து, அமைதியாக இருக்க ஒரு துணி வேண்டும். வெள்ளை வைத்துப் பார்த்தேன், பூ துணியிலிருந்து கழன்று தனியாக நின்றது. கறுப்பு வைத்தால் காலண்டர் படம் மாதிரி ஆனது. அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறினோம். அடியில் இரண்டரை கெஜம் போல காக்கி இருந்தது, மடித்த மடிப்பு கலையாமல்.

தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக் மில் என்று முழுப் பேர். பெரம்பூரில் 1876-இல் தொடங்கி, 1996-இல் மூடியது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். பின்னி காக்கி என்றால் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போன துணி. தாத்தா வீட்டில் கலர் துணி குறைவு. பாட்டி மட்டும் ஒரு பெரிய பூப்போட்ட வாயில் புடவை வைத்திருந்தார், கோயிலுக்கு மட்டும் கட்டுவார்.

காக்கியைச் செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மண் நிறம் அல்லவா. பூ மண்ணில் நின்றது. சிவப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை, ஆனால் கண்ணைக் குத்தவும் இல்லை. போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளை ஆக்கிப் பார்த்தேன். நிறம் போன பிறகும் பூத் துண்டும் காக்கியும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. தெரிந்தது.

மூன்று அங்குலப் பட்டையாகக் காக்கியை எடுத்து, ஒவ்வொரு பூவைச் சுற்றியும் வரப்பு மாதிரி வைத்தேன். குறுக்கே மூன்று பூ, நெடுக்கே நான்கு. தைத்து முடித்தபோது 60 அங்குல அகலம், 79 அங்குல நீளம். டிசைன் அவ்வளவுதான். நட்சத்திரம், முக்கோணம் எதுவும் இல்லை. துணியே இத்தனை பேசும்போது தையல்காரி சும்மா இருக்கலாம். காக்கி சாய்கோடு விழுந்த தடித்த நெசவு, நைட்டித் துணியோ மெல்லிசு. இரண்டையும் சேர்க்கும்போது 16 நம்பர் ஊசி போட்டு, மெல்லிய துணியை மேலே வைத்துத் தைத்தேன். தையல் மடிப்பைக் காக்கிப் பக்கம் சாய்த்து அயர்ன் செய்தால் வரப்பு கொஞ்சம் எழும்பி நிற்கும்.

உள்ளே என்ன வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பஞ்சு கிடையாது. சென்னை வெயிலில் பஞ்சு வைத்த போர்வை யாருக்கு வேண்டும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. இலவம்பஞ்சு மெத்தை இரண்டும் ஊறி, எத்தனை வெயிலில் போட்டும் நாற்றம் போகாமல் தூக்கித்தான் போட்டோம். அதனால் நடுவில் ஒரு பழைய சுங்குடிப் புடவையை இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்து வைத்தேன். பலமுறை துவைத்த பருத்திப் புடவை அளவுக்கு மெத்தென்று இருக்கும் துணியைக் கடையில் வாங்க முடியாது. அடியில் காடாத் துணி. இழையோட்டி நிறுத்திவிட்டு, மெஷினில் காக்கிப் பட்டையோரமாக நேர்க்கோட்டுத் தையல். பூவுக்குள் மட்டும் கையால், இதழின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நூல் ஓட்டினேன். 12 பூவுக்கு ஒன்றரை மாதம் ஆனது. சாயங்காலம் கரண்ட் போகும் நேரம்கூட வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். ஓரத்துக்கு மிச்சமிருந்த செம்பருத்தித் துணியிலேயே கிராஸாக வெட்டிய பைப்பிங்.

முடித்த அன்று துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போட்டேன். கடற்காற்றில் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. தெருவில் இறங்கிப் போய், எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் ஒவ்வொரு பூவும் தெரிந்தது. சின்னப் பூவாக இருந்தால் அந்தத் தூரத்தில் வெறும் நிறமாகக் கலங்கியிருக்கும். பெரிய பூ தெருவுக்கான பூ. தண்ணி லாரி வரிசையில் எனக்கு அது பிடித்ததும் அதனால்தான் என்று அப்போது புரிந்தது.

சாயங்காலம் டெய்லர் அக்காவைக் கூப்பிட்டு மாடியில் விரித்துக் காட்டினேன். முட்டி வலியோடு மெல்ல உட்கார்ந்தார். முதலில் புரட்டிப் போட்டு அடிப்பக்கத் தையலைப் பார்த்தார், தையல்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு மேல்பக்கம் திருப்பி, காக்கியைத் தடவி, "மில்லு துணியா?" என்றார். மூலையில் இருந்த கால் பூவுக்கு வந்ததும் கை நின்றது. விரல் இதழின் வளைவைப் பிடித்துக்கொண்டு போய், பைப்பிங்கைத் தாண்டி, சிமென்ட் தரையில் இன்னும் ஒரு சாண் தூரம் போய்த்தான் நின்றது.

"எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடு" என்றார். "தாமரை போட்டது. நாலு மீட்டர் எடுக்கட்டா, அஞ்சு எடுக்கட்டா?"

"எடுக்காதீங்க அக்கா. நானும் வரேன். முதல்ல பூவை அளக்கணும்."